ஸ்டூடியோவை யார் பெருக்குகிறார்கள்?

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் போனால் பச்சையாங்குப்பம், குடிகாடு, ஈச்சங்காடு என்று சாலையோரமாகவே சிப்காட் தொழிற்பேட்டை நீண்டுகொண்டு போகும். பின்னால் உப்பனாறு. மருந்து, சாயம், ரசாயனம் என்று வகைவகையான தொழிற்சாலைகள். அவற்றில் ஒன்றில், பணியாளர் பிரிவில் நான் வேலை பார்க்கிறேன். ஷிப்ட் போடுவது, லீவு பார்ப்பது, காண்டிராக்ட் ஆட்களுக்கு கேட் பாஸ் கொடுப்பது, கேன்டீன் டோக்கன், பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை என்ற புகார், இவைதான் என் அன்றாடம். அப்படிப்பட்ட நான் இன்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சினிமா ஸ்டூடியோ ஒன்றை நாமே கட்டி, ஆள் வைத்து, நடத்திப் பார்க்கிற விளையாட்டு.

எங்களிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் ஐ.டி.ஐ. படித்த தம்பி ஒருவர் இதை விளையாடுவார். புவனகிரிப் பக்கத்துப் பிள்ளை. ஒரு நாள் நைட் ஷிப்டுக்கு முன்னால் லேப்டாப்பை வைத்துக்கொண்டு முகம் வாடி உட்கார்ந்திருந்தார். என்ன தம்பி என்றேன்.

"படம் ஃபிளாப் சார். ஹீரோவுக்கு சம்பளத்த அள்ளிக் குடுத்துட்டேன். செட்ட ரிப்பேர் பாக்கறதுக்கு ஆள் வெக்கல. செட் பழசாப் போயிடுச்சு. மார்க் கொறஞ்சிடுச்சு."

இத்தனை வருடமாக எங்கள் மீட்டிங்குகளில் நாங்கள் மணிக்கணக்கில் சொல்லிப் புரியவைக்க முயல்வதை அந்தப் பிள்ளை நாலு வரியில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்க்க ஆரம்பித்தேன்.

விளையாட்டின் பெயர் 'தி மூவீஸ்'. இங்கிலாந்தில் இருந்த லயன்ஹெட் என்ற நிறுவனம் 2005-இல் வெளியிட்டது. ஸ்டூடியோ நடத்தும் விளையாட்டுகள் அதற்குப் பிறகும் பல வந்துவிட்டன. ஆனாலும் இதைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். 1920களில் ஒரு வெற்று மைதானத்தில் ஆட்டம் தொடங்கும். கையில் கொஞ்சம் பணம். நடிகர்களை எடுக்க ஒரு கட்டடம், கேமராக்காரர்களையும் மற்றத் தொழில்நுட்ப ஆட்களையும் எடுக்க ஒரு கட்டடம், கதை எழுத ஒரு அறை, புதுக் கருவிகளைக் கண்டுபிடிக்க ஓர் ஆய்வுக்கூடம் என்று ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும். வேலை கேட்டு வாசலில் வரிசையில் ஆட்கள் வந்து நிற்பார்கள். நாம்தான் எடுத்து உள்ளே விட வேண்டும். நட்சத்திரங்களுக்குத் தனித்தனி வண்டி வீடு, அதாவது நம் ஊரில் கேரவன் என்கிறோமே, அது கொடுக்க வேண்டும். வேலைச் சுமை ஏறினால் அவர்களுக்கு மன அழுத்தம் கூடும். கவனிக்காமல் விட்டால் குடியில் இறங்குவார்கள், அல்லது சாப்பிட்டுச் சாப்பிட்டு உடம்பைப் பெருக்கிக்கொள்வார்கள். பிறகு அவர்களை மறுவாழ்வு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அதுவரை படப்பிடிப்பு நிற்கும்.

எனக்குப் பிடித்துப்போனது இதெல்லாம் இல்லை. அந்த ஸ்டூடியோவில் குப்பை விழுகிறது. பெருக்க ஆள் வைக்காவிட்டால் பாதையெல்லாம் குப்பை சேர்ந்து, இடத்தின் மதிப்பே இறங்குகிறது. செட் தேய்கிறது. பழுது பார்க்கும் ஆட்களை வைக்காவிட்டால் படத்தின் தரம் குறைகிறது. ஆக, அங்கே பெருக்குகிறவரின் வேலையும் தச்சரின் வேலையும் படத்தின் கணக்கிலேயே வந்து விழுகின்றன. நம் நிறுவனங்களில் அப்படி இல்லை. கேன்டீன், ஓய்வறை, கழிப்பறை, சுத்தம் எல்லாம் 'நலம்' என்ற தலைப்பில் தனியாக ஒரு மூலையில் எழுதப்படும். லாபம் குறைகிற வருடத்தில் முதல் வெட்டு அங்கேதான் விழும். விளையாட்டை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிற இந்தச் சின்ன உண்மை, பெரிய பெரிய படிப்புப் படித்த நிர்வாகிகளுக்குப் பிடிபடவில்லையே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

நம் தமிழ்நாட்டிலேயே இந்த விளையாட்டை நிஜத்தில் ஆடியவர்கள் இருந்தார்கள். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம். நெசவுத் தொழில் குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். 1930களின் நடுவில் ஏற்காடு சாலையில் ஸ்டூடியோ தொடங்கினார். 1937-இல் 'சதி அகல்யா' வந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் அங்கிருந்துதான் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்று சொல்லப்படும் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் அங்கே எடுத்ததுதான். மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். சென்னையிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளி, ஒரு மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு இது எப்படி முடிந்தது? எல்லாமே ஒரே வளாகத்துக்குள் இருந்தன. படப்பிடிப்புத் தளம், லேப், எடிட்டிங், தச்சுப் பட்டறை எல்லாம் உள்ளேயே. எழுத்தாளர்களும் நடிகர்களும் மாதச் சம்பளத்துக்கு இருந்தார்கள். 'மந்திரி குமாரி' எழுதிய காலத்தில் கலைஞர் கருணாநிதி சேலத்தில் தங்கி அங்கே வேலை பார்த்தார். சுந்தரம் நேரம் தவறாமைக்குப் பெயர் பெற்றவர், யாராக இருந்தாலும் கண்டிப்பு ஒன்றுதான் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மில்லை நடத்துகிற ஒழுங்கோடு அவர் சினிமாவை நடத்தினார் என்பது என் எண்ணம். 1963-இல் அவர் காலமானார். பிற்காலத்தில் ஸ்டூடியோவும் மூடப்பட்டது. ஏற்காடு சாலையில் அந்த நுழைவு வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது.

சென்னையில் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோ. அதன் உள் வாழ்க்கையை நமக்கு எழுதி வைத்தவர் எழுத்தாளர் அசோகமித்திரன். 1952-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்து பதினான்கு ஆண்டுகள் போல இருந்தவர். அவர் வேலை பத்திரிகைச் செய்திகளை வெட்டி ஒட்டிக் கோப்பில் வைப்பது. அந்த மேசையில் உட்கார்ந்தபடி முழு ஸ்டூடியோவையும் கவனித்திருக்கிறார். அவர் சொல்கிற மேக்கப் அறையைக் கொஞ்சம் பாருங்கள். கதாநாயகனுக்கும் கதாநாயகிக்கும் தலைமை ஒப்பனைக்காரர் மட்டும்தான் கைவைப்பார். அடுத்த நிலை நடிகர்களுக்கு அடுத்த நிலை உதவியாளர். நகைச்சுவை நடிகருக்கு அதற்கும் கீழே உள்ளவர். கடைசியில் கூட்டக் காட்சிக்கு வருகிறவர்களுக்கு? அவர்கள் ஆபீஸ் பையனின் பொறுப்பு. கூட்டக் காட்சி இருக்கும் நாளில் அவர் ஒரு பெரிய பாத்திரத்தில் சாயத்தைக் கரைத்து வைத்துக்கொண்டு, வரிசையாக வருகிறவர்களின் முகத்தில் பூசித் தள்ளுவாராம். எத்தனை பேர் வந்து போயிருப்பார்கள், ஒருவருடைய பெயராவது யாருக்காவது தெரிந்திருக்குமா என்று அதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

அதே அசோகமித்திரன் இன்னொன்றும் சொல்கிறார். ஜெமினியில் ஒரு மெஸ் இருந்தது. பகல் முழுக்கவும், ராத்திரியில் பெரும்பகுதி நேரமும், நல்ல காபி கிடைக்கும். கதை இலாகாவில் இருந்த எழுத்தாளர்களும் கவிஞர்களும் அங்கே வந்து கூடுவார்கள். 1948-இல் வெளிவந்த 'சந்திரலேகா'வின் முரசு நடனத்துக்கு நூற்றுக்கணக்கான கலைஞர்களை மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து நிறுத்தியவர் வாசன். அவ்வளவு பேருக்குச் சாப்பாடும் தண்ணீரும் நிழலும் ஏற்பாடு செய்யாமல் அந்தக் காட்சி நடந்திருக்குமா? திரையில் முரசுதான் தெரிகிறது. அதற்குப் பின்னால் ஒரு சமையற்கட்டு எரிந்துகொண்டிருந்திருக்கும்.

ஹாலிவுட்டிலும் அந்தக் காலத்தில் எம்.ஜி.எம். போன்ற ஸ்டூடியோக்களுக்குள் சாப்பாட்டுக்கூடம், குழந்தை நட்சத்திரங்களுக்குப் பள்ளிக்கூடம் வரை இருந்தன. 'தி மூவீஸ்' அந்தக் காலத்தைப் பார்த்து எழுதியதுதான். ஆனால் அங்கே நடிகர்களை ஏழு வருட ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டார்கள். கொடுத்த வேடத்தை மறுத்தால் சம்பளமில்லாமல் நிறுத்தி, அந்த நாட்களை ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்த்துக்கொள்வார்கள். நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் வார்னர் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டு, 1944-இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்ற பிறகுதான் அந்தப் பிடி தளர்ந்தது. வசதியை நிறையக் கொடுத்து உரிமையைக் கையில் வைத்துக்கொள்வது என்ற பழக்கம் சினிமாவுக்கு மட்டும் உரியதல்ல. சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

விளையாட்டு எங்கே தவறுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதில் யாரையும் மவுஸால் அலாக்காகத் தூக்கி எங்கே வேண்டுமானாலும் போடலாம். பெருக்குகிறவரைத் தூக்கி நடிகராக்கலாம். வேண்டாமென்றால் வெளியே விட்டுவிடலாம். கேரவன் நட்சத்திரத்துக்குத்தான். கூட்டத்தில் நிற்கிறவருக்கு அது கிடையாது. நட்சத்திரத்தின் மனசு எப்படி இருக்கிறது என்று விரிவாகக் காட்டுகிற ஆட்டம், கூட்டத்தில் நிற்கிறவரின் மனசுக்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை.

நிஜத்தில் அந்த மனசுக்கு என்ன ஆகிறது? கேரளத்தில் மலையாள சினிமாப் பெண்களின் நிலையை ஆராய 2017-இல் ஹேமா குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. பாலியல் கொடுமைகளைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். பேசவும் வேண்டும். ஆனால் அதே அறிக்கையில் கழிப்பறையும் இருக்கிறது. படப்பிடிப்பு இடங்களில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, உடை மாற்ற மறைவு இல்லை. அதனால் பலர் தண்ணீரே குடிக்காமல் நாளை ஓட்டுகிறார்கள், உடம்பு கெடுகிறது. இத்தனை கோடி செலவில் படம் எடுக்கிற இடத்தில் ஒரு கழிப்பறைக்கு வழியில்லையாம். இதைக் கேட்டுக் கோபம் வராதவர் மனிதரா?

நம் பக்கமும் ஒன்று. 2020 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்பில், இரவு வேலையின்போது பெரிய விளக்குகள் கட்டிய கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். மூவரும் திரையில் முகம் தெரியாத உழைப்பாளிகள். விளையாட்டில் செட் தேய்ந்தால் மார்க் குறைகிறது. நிஜத்தில் கருவியைச் சோதிக்காமல் விட்டால் உயிர் போகிறது.

பெப்ஸி என்று நாம் சொல்கிற தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமும், பேட்டாவும், கால்ஷீட்டும் தானாக வந்தவை அல்ல. லைட்மேன், தச்சர், சமையல்காரர், டிரைவர் என்று ஒவ்வொரு பிரிவாகச் சங்கம் வைத்துக் கேட்டு வாங்கியவை. 1981-இல் சினிமாத் தொழிலாளர்களுக்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் அவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. விளையாட்டில் சங்கத்தையும் ஒரு பாத்திரமாகச் சேர்த்திருந்தால், ஆடுகிற பிள்ளைகளுக்கு இன்னும் நல்ல பாடமாக இருந்திருக்கும்.

இப்போது எங்கள் சாலைக்கு வருகிறேன். ஒரு தொழிற்சாலையில் நான் பார்த்தது. ஹவுஸ்கீப்பிங் வேலைக்குக் காண்டிராக்டில் வந்த நான்கைந்து அம்மாக்கள் மத்தியானம் சைக்கிள் ஸ்டாண்டில், வண்டிகளுக்கு நடுவே, தூக்குவாளியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே கேன்டீன் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. ஏம்மா இங்கே உட்கார்ந்து சாப்பிடுறீங்க என்றேன். "எங்களுக்கு டோக்கன் இல்லீங்க சார். உள்ள போனா யாராவது ஏதாவது சொல்லுவாங்க" என்றார் ஒருவர். அந்தக் கேன்டீன் தரையைத் தினமும் துடைப்பவர் அவர்தான்.

நேயர்களே, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தொழிலாளி என்பவர் யார் என்று சொல்லும்போது, உற்பத்தி வேலை செய்கிறவரை மட்டும் சொல்லவில்லை. இயந்திரத்தையோ உற்பத்தி நடக்கும் இடத்தையோ சுத்தம் செய்கிறவரையும் சேர்த்துத்தான் சொன்னது. நேரடியாக வந்தாலும் காண்டிராக்டர் மூலம் வந்தாலும் அவர் தொழிலாளிதான். 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன், 150 பேருக்கு மேல் என்றால் ஓய்வறை என்று அந்தச் சட்டம் விதித்தது. 2020-இல் நிறைவேறிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கேன்டீனுக்கான எண்ணிக்கையை 100 ஆகக் குறைத்து, காண்டிராக்ட் தொழிலாளர்களையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

வீட்டில் பிள்ளைகள் இந்த மாதிரி விளையாட்டு ஆடினால் வீண் வேலை என்று பிடுங்கி வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, உன் ஸ்டூடியோவை யார் பெருக்குகிறார்கள், அவர்களுக்கு என்ன சம்பளம், எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். சிப்காட்டிலும் வேறு எங்கேயும் ஆட்களை வைத்து வேலை வாங்குகிற சூப்பர்வைசர்களுக்கும் மேனேஜர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. நாளைக் காலை உங்கள் கேன்டீன் பட்டியலை எடுத்துப் பாருங்கள். உங்கள் இடத்தைப் பெருக்குகிறவர்களின் பெயர் அதில் இல்லையென்றால், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் எழுதிச் சேருங்கள்.