நர்ஸ் வேலைக்கு உடல் தகுதி: சதவீதம் மட்டும் போதுமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன், வசூல் எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ வேற ஒரு விஷயம். நம்ம உறுப்பினர்கள் பலர் மகளை நர்சிங் படிக்க வைக்க ஆசைப்படறாங்க. அந்தப் பொண்ணுக்குக் காலில் குறை இருந்தா, "இவ எப்படி வார்டுல நிப்பா?" என்று முதலில் கேட்பதே சொந்தக்காரங்கதான். இதை அவங்க முடிவு செய்ய வேண்டாம். இதற்கென்று விதி இருக்கு.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் அரசிதழில் வெளியிட்ட பி.எஸ்சி. நர்சிங் விதியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடம் ஒதுக்கினார்கள். ஆனால் காலில் 40 முதல் 50 சதவீதம் வரை குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும்தான். பரிசோதிக்கும் குழுவில் மருத்துவரோடு ஒரு நர்சிங் நிபுணரும் இருக்கணும் என்றார்கள். அது நல்ல ஏற்பாடு. வார்டு வேலை செய்தவருக்குத்தானே அதன் கஷ்டம் தெரியும்! சதவீத வரம்புதான் எனக்கு மனசு ஒப்பலை. சான்றிதழில் 52 என்று இருந்தா அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போக வேண்டியதுதானா? காலிப்பர் போட்டு அவ எவ்வளவு நேரம் நிற்கிறா, படி ஏறுறாளா என்பது அந்த எண்ணில் தெரியாதே.

நர்ஸ் வேலை உயிர் சம்பந்தப்பட்டது. அதனால் தகுதி பார்க்கத்தான் வேணும். மருந்தை அளவு தவறாமல் எடுக்கிறாளா, நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்ய முடியுதா என்று பார்க்கட்டும். எழ முடியாத நோயாளியைத் தூக்குவது என்றால், இரண்டு காலும் நல்லா இருக்கிற நர்ஸ்கூட தனியா செய்யக் கூடாது; துணைக்கு ஆள் வேணும். உட்கார்ந்து எழுத ஒரு ஸ்டூல், ஏற்றி இறக்கும் கட்டில் மாதிரி உதவிகளை 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சலுகை என்று சொல்லலை, உரிமை என்றே சொல்லுது.

2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதையேதான் சொன்னது. அது டாக்டர் படிப்பு வழக்கு. பேச்சுக் குறைபாடு உள்ள ஒரு மாணவருக்குச் சதவீதத்தைக் காட்டி இடம் மறுத்திருந்தாங்க. சதவீதத்தை மட்டும் வைத்துத் தள்ளக் கூடாது, படிப்பைத் தொடர முடியுமா என்று மருத்துவக் குழு பார்த்து, முடியாது என்றால் காரணத்தை எழுத வேண்டும் என்று தீர்ப்பு. விபத்தில் காலை இழந்தும் செயற்கைக் காலோடு பரதம் ஆடிய நம்ம சுதா சந்திரன் பெயரும் அந்தத் தீர்ப்பில் வருது, பாருங்க! நர்சிங்குக்கென்று தனியா வந்த தீர்ப்பு இல்லை. ஆனாலும் இதே நியாயத்தை நாம எடுத்துச் சொல்லலாம்.

பரிசோதனைக்குப் போகிற அன்னைக்குக் காலிப்பரை வீட்டில் வெச்சுட்டுப் போகாதீங்க. அதைப் போட்டு நடந்து காட்டட்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்க. சான்றிதழில் சதவீதம் தப்பு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கும்போது குழுவிலிருந்து ஒருத்தர் கூடப் போங்க.

ஏற்கெனவே அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, விபத்தில் கை கால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் ஒரு செய்தி. அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நீக்க முடியாது. அந்த வேலை முடியலை என்றால், அதே சம்பள விகிதத்தில் வேறு பணி கொடுக்கணும். சட்டத்தின் 20-வது பிரிவு. நோட்டில் குறிச்சுக்குங்க.