தனி அறையில் ஒரு வரலாற்றாசிரியர்



1939ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தலைநகர் ராலே. அங்கே உள்ள அரசு ஆவணக் காப்பகத்துக்கு இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் போனார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தவர். பெயர் ஜான் ஹோப் ஃபிராங்க்ளின். அவரைப் பார்த்ததும் காப்பக இயக்குநருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்தக் கட்டடத்தைத் திட்டமிட்டபோது கறுப்பர் ஒருவர் ஆராய்ச்சிக்கு வருவார் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்றார். வெள்ளையர் அமரும் வாசிப்புக் கூடத்தில் அவருக்கு இடம் இல்லை. சில நாள் கழித்து வரச் சொல்லி, ஒரு சின்ன அறையைக் காலிசெய்து மேசை போட்டுக் கொடுத்தார்கள்.

ஆவணக் கட்டுகளை எடுத்துத் தரும் வெள்ளைப் பணியாளர்கள் ஒரு கறுப்பருக்கு வேலை செய்வார்களா என்பது அடுத்த தயக்கம். அதனால் கட்டுகள் அடுக்கியிருந்த பகுதியின் சாவியையே அவரிடம் கொடுத்துவிட்டார்கள். வேண்டியதை அவரே போய் எடுத்து வந்தார். கொஞ்ச நாளில் வெள்ளை ஆய்வாளர்கள் முறையிட்டார்கள்: அவருக்குச் சாவி கொடுத்தால் எங்களுக்கும் கொடுங்கள்! சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு, எல்லோருக்கும் போல அவருக்கும் பணியாளர்கள்தான் கட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்தக் கட்டுகளில் அவர் தேடியது என்ன? உள்நாட்டுப் போருக்கு முன்பே அந்த மாநிலத்தில் அடிமைகளாக இல்லாத கறுப்பர்கள் வாழ்ந்தார்கள். 1860இல் அவர்கள் ஏறக்குறைய 30 ஆயிரம் பேர். அவர்களுடைய கதையை யாரும் முழுமையாக எழுதியிருக்கவில்லை. ஃபிராங்க்ளின் மக்கள்தொகைக் கணக்கு, நீதிமன்றப் பதிவுகள், சட்டமன்றத்துக்கு வந்த மனுக்கள் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். சொத்து வைத்திருந்தவர்கள், தொழில் செய்தவர்கள், வாக்களித்தவர்கள் அதில் இருந்தார்கள். ஆம், வாக்களித்தவர்கள். 1835இல் மாநில அரசமைப்பைத் திருத்தி அந்த வாக்குரிமையைப் பறித்தார்கள். ஒருமுறை கிடைத்த உரிமை நிலைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு மாநிலத்தின் கதையைப் படிக்க வேண்டும். ஒரு தேசத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசும்போது கண்ணுக்குத் தப்பிவிடுவது, ஒரு வட்டாரத்தின் காகிதங்களில் பெயரோடும் தேதியோடும் கிடைக்கிறது. 1943இல் அந்த ஆய்வு நூலாக வந்தது.

1945இல் லூசியானாவுக்குப் போனபோது, கறுப்பருக்கு அனுமதி இல்லாத அங்குள்ள காப்பகத்துக்குள் அவர் நுழைய முடிந்தது. காரணம், உலகப் போர் வெற்றிக்காக விடுமுறை விட்டிருந்தார்கள். வேறு யாரும் உள்ளே இல்லை. 1947இல் வெளிவந்தது அவருடைய புகழ்பெற்ற நூல், ‘அடிமைத்தனத்திலிருந்து விடுதலைக்கு’ என்பது அதன் பெயர். ஆப்பிரிக்காவில் தொடங்கி அமெரிக்கக் கறுப்பர்களின் வரலாற்றை முழுதாகச் சொல்லும் அந்தப் புத்தகம் 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

இவ்வளவு அவமதிப்பைக் கண்டவர் கோபத்தைப் புத்தகத்தில் கொட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. நான் அவரைப் பெரிதும் மதிப்பது இதற்காகத்தான். கறுப்பர் எழுதும் வரலாற்றைச் சார்பு என்று ஒதுக்கக் காத்திருந்தவர்கள் அன்று ஏராளம். சான்று இல்லாத ஒரு வரிகூடத் தன் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று அவர் உழைத்தார். அந்தக் கண்டிப்புதான் அவருடைய போராட்டம்.

அதன் பயன் 1953இல் தெரிந்தது. கறுப்புக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி என்ற ஏற்பாட்டை எதிர்த்த பிரவுன் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. 1868இல் அரசமைப்பின் பதினான்காவது திருத்தத்தை ஏற்றவர்கள் பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்க எண்ணினார்களா என்று நீதிபதிகள் கேட்டார்கள். இது வரலாற்றுக் கேள்வி. வழக்குத் தொடுத்தவர்களின் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் வரலாற்றாசிரியர்களை அழைத்தார். வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஃபிராங்க்ளின் வாரந்தோறும் நியூயார்க் போய் ஆவணங்களைத் தொகுத்துக் கொடுத்தார். 1954 மே 17 அன்று தீர்ப்பு வந்தது: தனிப் பள்ளிகள் செல்லாது. ஆனால் அந்தக் கேள்விக்கு வரலாறு தரும் விடை முடிவானதாக இல்லை என்றும் நீதிமன்றம் சொன்னது. அதனால் அந்த உழைப்பு வீண் என்று நான் கருதவில்லை. மறுதரப்பு வரலாற்றைத் தன் சொத்தாகக் காட்ட முடியாமல் போனதே பெரிய காரியம்.

1956இல் புரூக்ளின் கல்லூரி அவரை வரலாற்றுத் துறைத் தலைவராக்கியது. நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி போட்டது. அதே ஊரில் வீடு வாங்க அவர் படாத பாடு பட்டார். தரகர்கள் வீடு காட்டவில்லை, வங்கிகள் கடன் கொடுக்கவில்லை. பிறகு சிகாகோ, அதன் பின் டியூக் பல்கலைக்கழகம். இவற்றுக்கெல்லாம் முன்பே, 1949இல், தென்னக வரலாற்றுச் சங்க மாநாட்டில் கட்டுரை படித்த முதல் கறுப்பர் அவர்தான். 1971இல் அதே சங்கத்துக்குத் தலைவரானார். 1995இல் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. பதக்கம் பெறுவதற்கு முந்தைய நாள் மாலை, வாஷிங்டனில் அவரே உறுப்பினராக இருந்த மன்றத்தில் விருந்து. வெள்ளைப் பெண்மணி ஒருவர் அவரிடம் சீட்டை நீட்டித் தம் கோட்டை எடுத்துவரச் சொன்னார். அப்போது அவருக்கு வயது எண்பது.

அவருடைய தந்தை பக் கோல்பர்ட் ஃபிராங்க்ளின் ஓக்லஹோமாவில் வழக்கறிஞர். 1921இல் துல்சா நகரில் கறுப்பர்கள் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியை வெள்ளைக் கும்பல் கொளுத்தியபோது அவருடைய அலுவலகமும் எரிந்துபோனது. கூடாரம் போட்டு அதில் உட்கார்ந்து அவர் வழக்குகளை நடத்தினார். மக்கள் மறுபடி வீடு கட்ட முடியாதபடி நகராட்சி கொண்டுவந்த விதியை எதிர்த்து வென்றார். கண்ணால் கண்டதை 1931இல் தட்டச்சு செய்து வைத்தார். அந்தப் பத்துப் பக்கங்கள் 2015இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன.

மகன் தன் கடைசிக் காலத்தைத் துல்சா மக்களுக்கு நீதி தேடுவதற்குக் கொடுத்தார். 2001இல் மாநில ஆணையம் வெளியிட்ட அறிக்கைக்காகத் துல்சா நிகழ்வின் வரலாற்றை ஸ்காட் எல்ஸ்வொர்த்துடன் சேர்ந்து எழுதினார். உயிர் தப்பியவர்கள் இழப்பீடு கேட்டபோது, காலம் கடந்துவிட்டது என்று நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. அந்தக் காலத் தடையை நீக்க ஒரு மசோதா வந்தது. 2007இல், தொண்ணூற்றிரண்டு வயதில், ஃபிராங்க்ளின் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். 2009 மார்ச்சில் இறந்தார். அந்த மசோதா நிறைவேறவில்லை.