அடுக்குக்குடமும் அரிவாளும்



ஓசூரிலும் கிருட்டிணகிரியிலும் ஆலைகள் எழுந்தன; பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பெருகின. அக்குடும்பங்களில் அரிதாக ஒரு குழவி நீலம் பாய்ந்த உதட்டோடும் விரைந்த மூச்சோடும் பிறக்கும். பெற்றோர் எல்லை கடந்து பெங்களூர்க்கு ஓடுவர். அங்கே தாளில் ஆங்கிலம், பேச்சில் கன்னடம். கன்னடர்மேற் குறையில்லை, தம் மொழியை அவர் போற்றுகின்றனர். தாய்க்கு விளங்கும் சொல்லை ஆக்கித் தராத குறை நம்முடையதே!

நுரையீரலில் உயிர்வளி பெற்ற குருதியை நான்கு குழாய்கள் நெஞ்சாங்குலையின் இடப்பக்க மேலறைக்குக் கொணர்தல் இயற்கை. அவை அனைத்தும் வழிமாறி வலப்பக்கம் சேர்வது ஓர் அரிய பிறவிக்குறை. கலப்புக் குருதியே உடலெங்கும் செல்வதால் குழவி நீலிக்கிறது.

1895-இல் செருமானிய அறிஞர் இராண்ட்கன் ஒரு புதுக்கதிரைக் கண்டு, 'அறியப்படாதது' என்னும் பொருளில் பெயரிட்டார். நாமோ அதன் தன்மை நோக்கி 'ஊடுகதிர்' என்றோம். எது விளக்கமான பெயர்?

அக்கதிர்ப்படத்தில், மேற்சொன்ன குறையின் ஒருவகை, பெரிய உருண்டைமேல் சிறிய உருண்டை வைத்தாற்போல் நிழல் காட்டும். மேலைநாட்டார் அதனைப் 'பனிமாந்தன்' என்றனர். அவர்தம் முற்றத்தில் பனி பெய்கிறது. சிறார் பனியுருண்டைகளை அடுக்கி ஆளுருச் செய்கின்றனர். குடத்தின்மேற் குடம் வைத்துச் சுமக்கும் நம் பெண்டிர்க்கு 'அடுக்குக்குடம்' என்றால் நொடியில் விளங்காதா? வலப்பக்க நுரையீரற் குழாய் வளைந்து கீழிறங்கி, வயிற்றினின்று மேலேறும் பெருங்குழாயிற் சேர்வது மற்றொரு குறை. அந்நிழலுக்குக் கீழைநாட்டு வளைவாளின் பெயரை இட்டனர். நம் உழவன் அதனை 'அரிவாள் நிழல்' என்பான்.

ஒன்றை மறவாதீர்! அடுக்குக்குடம் பிறந்த அன்றே தோன்றாது. பெரும்பாலும் சில மாதங்கள் சென்றே தெரியும். வழிமாறிய குழாய் அடைபட்ட குழவிக்கோ நெஞ்சாங்குலை பருக்காது. ஓசூர்க் காலை மூடுபனிபோல் நுரையீரல் மட்டும் மங்கித் தோன்றும். நுரையீரல் நோயென்று மயங்குதல் எளிது. அம்மயக்கம் உயிரைப் பறிக்கும். உயிர்வளி தந்தும் நீலம் நீங்காவிடின், 'எக்கோ' என்னும் எதிரொலி ஆய்வால் நெஞ்சாங்குலையைப் பார்த்தாகவேண்டும். அறுவையால் குழாய்களை உரிய அறையோடு இணைக்க இயலும். ஆனால், "நெஞ்சாங்குலையையும் பாருங்கள் ஐயா" என்று ஒரு தாய் கேட்க வேண்டுமாயின், அவளிடம் முதலிற் சொல் இருக்கவேண்டும்!

தமிழால் முடியுமா என்பார்க்கு ஒரு விடை. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அயலவர்க்கு இயன்றது நமக்கு இயலாதோ?

இம்மாவட்டத்து அரசு மருத்துவமனைகளின் குழவிப் பிரிவுதோறும் இவ்வறிகுறிகள் தமிழில் எழுதப்படுக! எல்லைக்கு அப்பால் அனுப்பும் சீட்டில் நோய்ப்பெயர் தமிழிலும் இடம்பெறுக! சொல்லாக்குதல் புலவர் கடன். அதனை வழங்குதல் மருத்துவர் கடன். கேட்டுப் பெறுதல் உங்கள் உரிமை.

வாழ்க தமிழ்!