கணக்கேட்டின் முன் அமர்தல்

(அறக்கட்டளையின் விழா அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருவொற்றியூர்க் கடற்கரையில் இன்று அகன்ற மணற்பரப்பைக் காண்பது அரிது. கரை நெடுகக் கருங்கற்களே கொட்டிக் கிடக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கல்தடுப்புகள் எழுப்பப்பட்டன. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலை அவை தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது; வடக்கே இராயபுரத்திற்கு அப்பாலுள்ள கரை தேய்ந்தது. அத்தேய்வு ஒரே இரவில் நேர்ந்ததன்று. சிறிது சிறிதாக, பல்லாண்டுகளாக நேர்ந்தது. வீட்டு வாசலுக்கு அலை வந்த பிறகே பலரும் அதை உணர்ந்தனர்.

செலவினால் சேரும் கடனும் இவ்வாறே வருகிறது. வாசலில் அலை வந்து நிற்கும் நாள் ஒன்று. கரை தேயத் தொடங்கிய நாள் வேறொன்று.

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இப்பகுதிகள் உழைப்பால் எழுந்தவை. 1856ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதற் பயணிகள் இரயில் புறப்பட்டது இராயபுரத்திலிருந்துதான். துறைமுகம், மீன்பிடித் துறை, வண்டித் தொழிற்சாலைகள், அனல்மின் நிலையம் என இங்கு வேலைக்குக் குறைவில்லை. ஆயினும் மாதச் சம்பளம் வருகின்ற வீட்டிலும் இருபதாம் தேதிக்கு மேல் கைமாற்று கேட்கும் நிலை ஏன் வருகிறது? எல்லாவற்றுக்கும் விலைவாசியைக் காரணம் காட்டுதல் எளிது. அது பாதி உண்மை. மற்றப் பாதியைக் காண்பதற்குத்தான் துணிவு வேண்டும்.

எத்தனையோ வீடுகளுக்குப் பொருந்துமாறு ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். கணவர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். மனைவி தையல் தைப்பவர். கல்லூரிக்குச் செல்லவிருக்கும் மகள் ஒருத்தி. பள்ளியில் பயிலும் மகன் ஒருவன். “கடன் எவ்வளவு இருக்கும்?” என்று எவரேனும் கேட்டால், “ஒரு இலட்சம் இருக்கும்” என்று அவர் கூறுவார். பொய் கூற வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கில்லை. கூட்டிப் பார்த்ததில்லை, அவ்வளவே.

ஒருநாள் கல்லூரிக் கட்டணத்திற்கு மகளின் நகையை எடுக்கச் செல்கிறார் மனைவி. நகை அங்கில்லை. அன்றிரவு இருவரும் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அமர்கின்றனர். அடகுக் கடையில் 80,000. மைத்துனரிடம் 60,000. கிரெடிட் கார்டில் 50,000. தொலைக்காட்சித் தவணை 22,000. கைப்பேசித் தவணை 18,000. தண்டல்காரரிடம் 10,000. கூட்டினால் 2,40,000 ரூபாய். எண்ணியிருந்ததைப் போல் இரு மடங்குக்கும் மேல்!

அதற்குப் பின்னர் எழுதியதே கடினமான பக்கம். “எதற்காக வாங்கினோம்?” என்னும் பக்கம் அது. தாயாரின் மருத்துவத்திற்கு 35,000. பிள்ளைகளின் படிப்பிற்கு 45,000. இவ்விரண்டும் தவிர்க்க இயலாதவை. மீதம் 1,60,000. அதில் மகனின் காதணி விழாவிற்கு 70,000. மண்டபமும் பிளெக்ஸ் பேனரும் பிரியாணியும், “அண்ணன் வீட்டில் செய்ததற்குக் குறையக் கூடாது” என்னும் ஒரு சொல்லும் சேர்ந்த தொகை அது. கைப்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் 40,000. எஞ்சிய 50,000 ரூபாய் எதற்குச் சென்றது என்று இருவருக்கும் நினைவில்லை. எம்.சி. சாலையில் ஆடித் தள்ளுபடித் துணி, வெளியுணவு, பழைய வட்டியைக் கட்டப் புதிதாக வாங்கிய கடன் என ஏதேதோ. மூன்றில் இரண்டு பங்கு கடனுக்கு வறுமை காரணமன்று.

கணவர் தலை குனிந்திருந்தார். மனைவி கூறினார்: “பெட்டி இலேசானது எனக்கு முன்பே தெரியும். நீங்களே சொல்வீர்கள் என்றுதான் காத்திருந்தேன். அந்த விழாவிற்குப் பட்டுப்புடவை வேண்டும் என்று கேட்டவள் நான்தானே!”

அவ்வீட்டின் மீட்சி அச்சொல்லில் தொடங்கியது. பழியை ஒருவர் மேல் ஒருவர் சுமத்தியிருந்தால் நோட்டு அன்றே மூடப்பட்டிருக்கும். ஒளித்து வைத்த கடனுக்கு வட்டி இருமடங்கு. ஒன்று பணத்தால் கட்டுவது. மற்றொன்று உறக்கத்தால் கட்டுவது.

கடன் ஏன் கரைவதில்லை என்பதையும் கணக்கிட்டே அறிய வேண்டும். கார்டில் 50,000 ரூபாய் நிலுவை. மாத வட்டி 3.5 விழுக்காடு எனக் கொண்டால் வட்டி 1,750 ரூபாய். வட்டி மீதான 18 விழுக்காடு வரி 315. குறைந்தபட்சத் தொகையாக 2,500 செலுத்துபவருக்கு அசலில் குறைவது 435 ரூபாய் மட்டுமே. குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தினால் கடன் நெடுங்காலம் நீளும் என்று பில்லிலேயே எச்சரிக்க வேண்டுமென ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. அவ்வெச்சரிக்கையைப் படிப்போர் சிலரே.

தண்டலும் அத்தகையதே. 10,000 எனப் பேசி, 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவர். நாள்தோறும் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்வைக்குப் பத்து விழுக்காடு. ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டு வட்டி 75 விழுக்காட்டையும் தாண்டுகிறது. அடகு நகைக்கு வட்டி மட்டும் கட்டி மறு அடகு வைத்துக்கொண்டே போனால், ஒருநாள் நகையே வட்டியில் மூழ்கிவிடுகிறது.

அக்குடும்பம் செய்தது பெருஞ்செயலன்று. புதுக் கடனை நிறுத்தினர். கார்டை வெட்டி எறிந்தனர். வட்டி மிகுந்த தண்டலை முதலில் அடைத்தனர். தொழிற்சாலை ஊழியர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தில் குறைந்த வட்டிக்குக் கடன் பெற்றுக் கார்டுக் கடனைத் தீர்த்தனர். அடகு நகையில் ஒன்றை விற்று மற்றவற்றை மீட்டனர். மைத்துனரைக் கண்டு ஒளியாமல், அவர் வீட்டிற்கே சென்று மாதந்தோறும் தரும் தொகையைக் கூறினர். சராசரி வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடாக இறங்கினால், 2,40,000 ரூபாய்க் கடன் மாதம் ஏறத்தாழ 8,000 வீதம் மூன்றாண்டுகளில் தீரும். மூன்று தீபாவளிகள் எளிமையாகக் கழியும், அவ்வளவே.

வ.உ. சிதம்பரனார் சிறை மீண்ட பின் சென்னையில் வறுமையோடு வாழ்ந்தவர். அவர் பட்ட கடன் ஆடம்பரத்தால் வந்ததன்று. நாட்டிற்காக இழந்ததால் வந்தது. 1936இல் மறைவதற்கு முன் எழுதிய உயிலில், தாம் கடைகளுக்குத் தர வேண்டிய சிறு பாக்கிகளையும் அவர் குறித்து வைத்தார். கப்பல் ஓட்டிய பெருமகனுக்கே கடைப் பாக்கியை எழுதி வைப்பது இழிவாகத் தோன்றவில்லை. மற்றவர்க்கு எதற்கு நாணம்?

கடன் கொடுப்போருக்கும் அறம் உண்டு. கந்துவட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் உள்ளது. வங்கியோ நிதி நிறுவனமோ கடனை வசூலிக்கக் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் அழைத்தல் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. அச்சுறுத்தப்படுவோர் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ண வேண்டாம். காவல் நிலையத்தை நாடலாம். திருப்பித் தர இயலாதவர் என்றறிந்தும் கடன் கொடுப்பது, அவரது நகையையும் நிம்மதியையும் விலைக்கு வாங்குவதேயாகும்.

இல்லறத்தார்க்கு முன்னோர் வகுத்த நோன்புகளுள் ஒன்று, பொருளுக்கு எல்லை வகுத்துக்கொள்ளுதல். வாங்கும் முன் வரையறுப்பதே அந்நோன்பு. வாங்கிய பின் வருந்துவதன்று. செய்த பிழைகளைத் திரும்பி நோக்கி, பெயரிட்டுக் கூறி, மீண்டும் செய்யாதிருக்க உறுதிகொள்வது பிரதிக்கிரமணம். கணக்கேட்டின் முன் அமர்தலும் அதைப் போன்றதே. “ஏதோ பிழை நேர்ந்தது” என்று பொதுவாகக் கூறினால் போதாது. எந்தப் பிழை, எவ்வளவு, எதற்காக என்று எழுத வேண்டும்.

விழா முடிந்து வீடு திரும்புவோர் இன்றிரவே ஒரு தாளை எடுக்கலாம். ஒரு பக்கத்தில் எவருக்கு எவ்வளவு, மறுபக்கத்தில் எதற்காக. எழுதியதை வீட்டிலுள்ள ஒருவரிடமேனும் காட்டல் வேண்டும். கடலைத் தடுக்கக் கல் கொட்டுவோர், முதலில் கரை எவ்வளவு தேய்ந்தது என்றுதான் அளக்கின்றனர்.

அறம் வளர்க!