செய்தி வரைபடத்தில் நம் கம்பம் எங்கே?

(கெலுகோரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கப் போகிறேன். பினாங்குத் தீவின் பெரிய வரைபடம் ஒன்றை வாங்குங்கள். ஓராண்டு நாளேடுகளைப் புரட்டி, நம்மவர்களைப் பற்றிய ஒவ்வொரு செய்திக்கும் அது நடந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். கோயில் விழாவுக்கு மஞ்சள், குற்றச்செயலுக்குக் கறுப்பு, நிலம், வீட்டுப் பிரச்சினைக்குச் சிவப்பு. கணினி தெரிந்த பிள்ளைகள் கூகள் வரைபடத்திலேயே செய்துவிடலாம்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். 1854ஆம் ஆண்டு லண்டனில் காலரா பரவியது. டாக்டர் ஜான் ஸ்னோ, இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துக் காட்டினார். பிராட் தெருவில் இருந்த ஒரு குடிநீர் பம்பைச் சுற்றியே புள்ளிகள் குவிந்திருந்தன. பட்டியலில் பளிச்சென்று தெரியாதது படத்தில் தெரியும்!

இனி நம் கெலுகோருக்கு வருவோம். கம்போங் புவா பாலாவை யார் மறக்க முடியும்? மாடு வளர்த்துப் பால் விற்றுத் தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் வாழ்ந்த கம்பம் அது. முந்தைய மாநில அரசின் காலத்தில் அந்த நிலத்தை அரசு அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுக்க முடிவானது. 2009 ஜூனில் கூட்டரசு நீதிமன்றத்தில் கம்பத்து மக்கள் தோற்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வீடுகள் தரைமட்டமாயின.

2009ஆம் ஆண்டுக்கு மட்டும் வரைபடம் போட்டால் கெலுகோர் சிவந்து கிடக்கும். எல்லா மொழிப் பத்திரிகைகளும் வந்தன. ஆனால் நிலம் கைமாறிய ஆண்டுகளுக்கும் வரைபடம் போடுங்கள். நூலகத்தில் பழைய நாளேடுகளை எடுத்து எண்ணுங்கள். சிவப்புப் புள்ளி எத்தனை தேறும்?

வழக்கறிஞன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி, அரசு நிலத்தில் எத்தனை தலைமுறை குடியிருந்தாலும் அதனால் மட்டும் நில உரிமை கிடைக்காது. 340ஆம் பிரிவின்படி, பட்டா ஒருவர் பெயரில் பதிவாகிவிட்டால் மோசடி போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே அதை அசைக்க முடியும். ஆகவே செய்தி வரவேண்டிய நேரம் புல்டோசர் வரும் நேரம் அல்ல. பட்டா பதிவாவதற்கு முன்னால்! அதனால்தான் ஒவ்வொரு புள்ளியின் பக்கத்திலும் தேதியை எழுதச் சொல்கிறேன்.

மூன்று விஷயங்களில் கவனம் தேவை.

முதலாவது, கொம்தாரில் நடக்கும் செய்தியாளர் கூட்டத்துக்குக் கொம்தாரில் புள்ளி வைக்காதீர்கள். எந்தக் கம்பத்தைப் பற்றிப் பேசினார்களோ அங்கே வையுங்கள்.

இரண்டாவது, ஜனத்தொகை அதிகமுள்ள இடத்தில் புள்ளியும் அதிகம் இருக்கும். எத்தனை குடும்பத்துக்கு எத்தனை செய்தி என்று பாருங்கள்.

மூன்றாவது, பெயர்கள். உலகச் செய்திகளைக் கணினியே படித்து இடவாரியாகக் குறிக்கும் ஜிடெல்ட் போன்ற திட்டங்கள் இன்று உண்டு. ஆனால் நம் ஊரை ஒருவர் கெலுகோர் என்கிறார், இன்னொருவர் குளுகோர் என்கிறார். புவா பாலாவையே 'ஹை சப்பரல்' என்றும் எழுதினார்கள். எல்லாம் ஒரே இடம் என்று கணினிக்கு யார் சொல்வது? இந்த மண்ணில் பிறந்த உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 1924இல் பிறந்த தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. நம்மைத் தேடி வரும் நிருபர்கள் குறைந்தால் வரைபடத்தில் வெள்ளை இடம் கூடும். வெள்ளை இடத்தைப் பார்த்து, அங்கே பிரச்சினை இல்லை என்று அதிகாரி சொல்வார். நாமும் நம்பிவிடலாமா?

முதல் படம் முடிந்ததும் இரண்டாவது படம் போடுங்கள். பட்டா இல்லாத வீடுகள், பிறர் நிலத்தில் நிற்கும் கோயில்கள், தமிழ்ப்பள்ளிகள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆபத்து இருந்தும் செய்தி இல்லாத இடம் எதுவோ, அங்கே முதலில் போங்கள். நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அந்தத் தாளையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு சட்டமன்ற உறுப்பினரிடமும் பத்திரிகை ஆசிரியரிடமும் போய் உட்காருங்கள்.

நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு மாதத்தில் முடியும் வேலை இது. இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.