பந்தியில் யார் இல்லை?



செப்டெம்பர் மாதக் கடைசி ஞாயிறில் ஸ்ஃபெர்ராகவால்லோவில் நடக்கும் திருவிழாவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கொஸ்மா, தாமியான் என்ற இருவரின் சுரூபங்களையும் மீன்பிடிகாரர் வெறுங்காலோடு தோளில் தூக்கி, வாத்தியத்துக்கு ஏற்ப ஆடிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள். பிள்ளைகளுக்கு அந்த ஆட்டம்தான் பிடிக்கும். அந்த இருவரும் இரட்டைச் சகோதரர், நோயாளிகளிடம் காசு வாங்காத வைத்தியர்கள், ரோமப் பேரரசன் தியோக்கிலேசியன் காலத்தில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் என்பது பழைய மரபு.

நாம் சுரூபம் தூக்குகிற சபை அல்ல. ஆனாலும் அந்த ஊர்வலத்தில் ஒரு காரியத்தை நான் நின்று பார்ப்பதுண்டு. வருத்தமாய்ப் படுத்திருக்கிறவர்களின் வீட்டுக்கு முன்னால் வந்ததும் அந்தப் பெரிய பாரத்தோடு நிற்பார்கள். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று தூக்குகிறவர்களுக்கு முதலே தெரியும். விசாரித்து வைத்திருக்கிறார்கள். நம் சபையில் நமக்கு அது தெரியுமா?

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

நம்முடைய அக்கா ஒருவர் நான்கு ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை. (பெயர் வேண்டாம், கதையைச் சொல் என்று சொன்னவரும் அவர்தான்.) வேறு சபைக்குப் போய்விட்டார் என்றார்கள் சிலர். விருந்தில் யாரோ சொன்ன கதையால் கோபம் என்றார்கள் வேறு சிலர். நான் இரண்டுக்கும் தலையாட்டினேன். கிழமை முழுவதும் வீடு வீடாய்ப் போய் ஊசி போட்டு, புண்ணுக்கு மருந்து கட்டுகிற தாதி நான். அவருடைய தெருவால் கிழமைக்கு இரண்டு தரம் போய்வந்தேன். ஐந்தாம் கிழமை கதவைத் தட்டியதும் அன்பினால் அல்ல. அவருடைய சட்டி ஒன்று என் வீட்டில் கிடந்தது, அதைக் கொடுக்கப் போனேன்.

நொண்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். காலுறையைக் கழற்றச் சொன்னேன். உள்ளங்காலில், விரல் அடியில், மஞ்சள் பூசிய புண். அவருக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். அது நீண்டகாலம் இருந்தால் காலின் நரம்புகள் உணர்ச்சி இழக்கும், புண் வந்தாலும் நோகாது. நோகாதபடியால் பெரிதாக எடுக்கவில்லை. இந்த வருத்தம் உள்ளவர்கள் ஒவ்வொரு நாளும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள். இதைப் பிரசங்கத்தின் நடுவில் சொன்னாலும் தகும்.

ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று கேட்டேன். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. வைத்தியரோடு கதைக்க இத்தாலியன் போதாது. மகனைக் கூட்டிப்போனால் பிள்ளை பயந்துவிடுவான். பிறகு சொன்னார்: “ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை.”

ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது. முதல் கிழமையே நான் போயிருந்தால் அந்த விரல் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆதிச் சபையிலும் இது நடந்திருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசியுங்கள். கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில் விடுபட்டுப் போனார்கள். ஒரே விசுவாசம், ஒரே பந்தி, ஆனால் மொழி வேறு. (விசாரணை என்றால் இந்த நாட்டில் நமக்குக் குவெஸ்தூரா வரிசைதான் ஞாபகம் வரும். வேதத்தில் அது பசித்தவரைக் கவனிப்பதற்கான சொல்.) முறுமுறுத்தவர்களை அப்போஸ்தலர் அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்ட பக்கத்தார் கையிலேயே பொறுப்பைக் கொடுத்தார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

பிள்ளைகளே, உங்களுக்கு இத்தாலியன் நன்றாக வரும். கடையில், தபால் கந்தோரில் அம்மாவுக்காகக் கதைத்து உதவுகிறீர்கள். நல்லது, செய்யுங்கள். ஆனால் வைத்தியரின் அறைக்குள் வேண்டாம். தாய்க்கு வந்த நோயின் பெயரை ஒன்பது வயதுப் பிள்ளை தாய்க்கு எடுத்துச் சொல்லுவதை நான் வேலையிடத்தில் பார்த்திருக்கிறேன். அந்தப் பாரம் உங்களுடையது அல்ல. என்னைக் கூப்பிடுங்கள். நான் இங்கே மூன்று வருடம் அகராதியும் கையுமாகப் படித்த மொழி அதற்காவது உதவட்டும்.

பெரியவர்களுக்கும் ஒன்று. வதிவிட அனுமதி இல்லாதவர்கள் பயத்தில் வைத்தியசாலைக்குப் போகாமல் இருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு அவர்களுக்கும் அவசர, அத்தியாவசிய சிகிச்சையைக் கொடுக்கிறது. அனுமதி இல்லை என்பதற்காக வைத்தியசாலை பொலிசுக்கு அறிவிக்கக்கூடாது. எஸ்.டி.பி. என்ற இலக்கம் தருவார்கள், ஆறு மாதம் செல்லும், திரும்பப் புதுப்பிக்கலாம். தெரிந்தவர்கள் தெரியாதவர்களோடு கூடப் போங்கள். விலாசத்தை எழுதிக் கொடுத்து அனுப்புவது போதாது.

இப்போது ஆராதனை முடிந்து சாப்பாட்டுக்கு இருக்கும்போது, வராதவர்களின் பெயரை ஒரு கொப்பியில் எழுதுகிறோம். அந்தக் கிழமைக்குள் இரண்டு பேர் போய்ப் பார்க்கவேண்டும். முதல் கிழமை ஐந்து பெயர். அதில் ஒரு தம்பி இரவு வேலை முடித்துத் தூங்கியிருந்தார், எழுப்பியதற்கு எங்களை நன்றாக ஏசினார். பரவாயில்லை.

கொப்பி அந்த அக்காவின் கையில் இருக்கிறது. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். போன மாதம் காய்ச்சலில் நான் ஒரு ஞாயிறு வரவில்லை. செவ்வாய்க்கிழமை கதவு தட்டிக் கேட்டது. மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க, ரசம் வைத்த சட்டியோடு நின்றார். அதே சட்டி. உள்ளே வந்து இருந்ததும் முதல் கேட்டது: “எங்க, காலைக் காட்டு பாப்பம்.”