பைப்புழுவும் பறவாத பெண்பூச்சியும்

கருவேல மரக் கிளையில் சிறு சுள்ளிக் கட்டொன்று தொங்குகிறது. காற்றில் அசைகிறது என்று எண்ணி வழிப்போக்கர் கடந்து செல்வர். சற்று நின்று நோக்குவோர்க்கு, அக்கட்டின் மேல்வாயிலிருந்து ஒரு புழு தலை நீட்டி, முன்கால்களால் கிளையைப் பற்றி, கட்டு முழுவதையும் இழுத்துக்கொண்டு நகர்வது புலப்படும். அதுவே பைப்புழு.

வாயினின்று சுரக்கும் பட்டிழையால் பை நெய்து, அதன்மேல் தான் வாழும் மரத்தின் துணுக்குகளை ஒட்டிக்கொள்வது அதன் இயல்பு. ஆதலின் பையைக் கொண்டே இனத்தை ஓரளவு உய்த்துணரலாம். சுள்ளிகள் நீளவாக்கில் அடுக்கப்பட்டிருப்பின் அது 1854இல் வெஸ்ட்வுட் பெயரிட்ட யூமெட்டா கிராமெரி ஆகலாம். புளிய மரத்தில், இலைத் துணுக்கு போர்த்த மிகச் சிறிய பையெனின், டெரோமா பிளாஜியோஃபிலெப்ஸ் என ஐயுறலாம். ஐயம் தீர வேண்டுமாயின், பையிலிருந்து வெளிவரும் ஆண்பூச்சியையும் ஆராய்தல் வேண்டும். வீட்டுச் சுவரில் பூசணி விதைபோல் தட்டையாக ஊர்வதோ வேறு குடும்பத்தது. மணலும் தூசும் போர்த்த அவ்வுறை இருமுனையும் திறந்தது.

பைப்புழுக்களின் குடும்பப் பெயர் சைக்கிடே. அதன் வேரான 'சைக்கி' என்னும் கிரேக்கச் சொல் உயிரையும் குறிக்கும், வண்ணத்துப்பூச்சியையும் குறிக்கும். ஆனால் யூமெட்டாவின் பெண்ணுக்குச் சிறகில்லை, நடக்கக் காலுமில்லை. பையினுள்ளேயே முதிர்ந்து, அங்கேயே முட்டையிட்டு மடிகிறது. சிறகுள்ள ஆணோ உண்ணும் வாயின்றிச் சில நாளே வாழ்கிறது. பையின் கீழ்முனையில் வெற்றுத்தோல் நீட்டிக்கொண்டிருந்தால், ஆண் பறந்துவிட்டதற்கு அதுவே சான்று.

கூடுடைத்துப் பறக்கும் பூச்சியைப் பெண்விடுதலைக்கு உவமையாக்குவது கவிஞர்க்குப் பழகிய தடம். பைப்புழு அந்த உவமைக்கு அடங்குவதில்லை. அது வாழும் பை பிறர் பூட்டிய சிறையன்று. தானே நெய்து, வளருந்தோறும் தானே பெரிதாக்கியது. அதைச் சிறையென்று இரங்குவதும் பொருந்தாது. இல்லறச் சிறப்பென்று போற்றுவதும் பொருந்தாது. இரண்டுமே பூச்சியை நோக்காமல் பாடுவோரின் விருப்பங்கள்.

தாயின் பையிலிருந்து வெளிப்படும் குஞ்சுப் புழுக்கள் இழை விட்டுத் தொங்க, காற்று அவற்றை அடுத்த மரத்திற்குச் சுமந்து செல்கிறது. அந்த இனம் பரவுவது தாயின் சிறகால் அன்று. சிறகற்ற குஞ்சுகளின் ஓரிழையால். இதனைக் கண்ட கவிஞர்க்குப் புதிய உவமை கிட்டலாம். கிட்டாது போயினும், பொய்யான உவமையொன்று குறையும். அதுவும் தமிழுக்கு ஆக்கமே.